போஸ்ட்கிரெஸ் கனெக்ட் ஆகவில்லையா? முதலில் எர்ரரை முழுசாகப் படியுங்கள்

"டேட்டாபேஸ் வரமாட்டேங்குது சார்" என்று இரவு பத்து மணிக்கு போன் வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்ன எழுதியிருக்கிறது? "ஏதோ எர்ரர் சார்" என்றால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். வெளியிலிருந்து போஸ்ட்கிரெஸ் (PostgreSQL டேட்டாபேஸ்) சர்வரோடு இணைய முடியாதபோது, கோளாறு எந்த இடத்தில் என்பதை அந்த ஒரு வரியே ஏறக்குறைய சொல்லிவிடும். அதைப் படிக்காமல் கான்ஃபிக் ஃபைலில் கை வைத்தால், நன்றாக இருந்ததும் கெடும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று பட்டென்று வருகிறதா? பெரும்பாலும் அந்த மெஷின் வரை போய்விட்டீர்கள்; போஸ்ட்கிரெஸின் வழக்கமான வாசலான 5432 போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அடுத்து, எந்த முகவரிகளில் கேட்க வேண்டும் என்று சொல்லும் 'லிசன் அட்ரஸஸ்' (listen_addresses) அமைப்பு. புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸில் அது லோக்கல்ஹோஸ்ட் (அதே மெஷின்) என்றுதான் இருக்கும், வெளி ஆளுக்குக் காதே கொடுக்காது. சர்வரின் ஐபியையோ நட்சத்திரக் குறியையோ (எல்லா முகவரியும்) போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) போதாது, இதில் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். உபுண்டுவில் ஏற்கெனவே ஒரு வெர்ஷன் இருக்கும்போது இன்னொன்றை நிறுவினால் புதியது 5433-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் ஒரு கண் பாருங்கள்.

"சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் வருதே" என்பார்கள். அது சாட்சி ஆகாது. லினக்ஸில் ஹோஸ்ட் பெயர் தராமல் நுழைந்தால் யுனிக்ஸ் சாக்கெட் என்ற, மெஷினுக்குள்ளேயே உள்ள வழியாகப் போகும். நெட்வொர்க்கைத் தொடவே தொடாது. சர்வரின் சொந்த ஐபியை ஹோஸ்டாகக் கொடுத்துச் சோதியுங்கள்.

நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்றால் கதை வேறு. வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள், அநேகமாக ஃபயர்வால். ஒரு துணிக்கடையின் பில்லிங் இப்படித்தான் ஒருநாள் நின்றது. யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் 'பிஜி எச்பிஏ' (pg_hba.conf) ஃபைலை நான் இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சர்வர் லாகில் அந்தக் கடையிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். வராத விருந்தாளிக்கு எதற்கு இலை போடுவது? காலையில் கரண்ட் போய் கடை ரவுட்டர் மறுபடி ஆன் ஆனதில் அவர்களுடைய வெளி ஐபி மாறியிருந்தது. கிளவுட் ஃபயர்வாலில் பழைய ஐபிக்குத்தான் அனுமதி. விதியை மாற்றியதும் பில் ஓடியது. அன்று முதல் டைம்அவுட் என்றால் 'லாக் கனெக்‌ஷன்ஸ்' அமைப்பை (வரும் இணைப்புகளை லாகில் எழுத வைப்பது) ஆன் செய்துவிட்டு லாகைத்தான் முதலில் பார்க்கிறேன். பிங் வருகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிங் வந்தாலும் போர்ட் அடைபட்டிருக்கலாம், பிங் வராமலும் போர்ட் திறந்திருக்கலாம். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் 'டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்' கட்டளைக்குப் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

'நோ பிஜி எச்பிஏ என்ட்ரி' என்று வந்தால் எனக்குச் சந்தோஷம். பாதை முழுக்கச் சரி, வாசலில்தான் தடுக்கிறார்கள். எந்த ஐபி, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கும். அந்த ஐபியை அப்படியே எடுத்து பிஜி எச்பிஏ ஃபைலில் ஒரு 'ஹோஸ்ட்' வரி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் அந்த ஃபைலை மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். ஆகவே மேலே ஒரு 'ரிஜெக்ட்' இருந்தால் கீழே நீங்கள் எழுதியது வீண். இதற்கு ரீலோட் போதும். ரீலோட் செய்தும் மாறவில்லை என்றால் எழுத்துப்பிழை இருக்கலாம்: பிழையிருந்தால் போஸ்ட்கிரெஸ் பழைய விதிகளையே வைத்துக்கொள்ளும். 'பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ்' என்ற வியூவில் எர்ரர் பத்தியைப் பாருங்கள், வரி எண்ணோடு இருக்கும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'அத்தென்டிகேஷன் டைப் 10' ஆதரவில்லை என்று புலம்பினால், உங்கள் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் பழசு. போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் 14 முதல் பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஸ்க்ராம் முறைதான் இயல்பு. டிரைவரைப் புதுப்பியுங்கள், பழைய எம்டி5 முறைக்குத் திரும்பாதீர்கள்.

எதுவும் புரியாமல் எல்லா ஐபிக்கும் 5432-ஐத் திறந்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவசரம் என்றால் எஸ்எஸ்எச் டனல் (பாதுகாப்பான தனிப் பாதை) போட்டு, உங்கள் மெஷினின் 5433-ஐ சர்வரின் 5432-க்குத் திருப்பி வேலையை முடியுங்கள். ஃபயர்வாலை விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.