டர்போ காரின் காற்றுக் குழாயை வீட்டிலேயே மாற்றுவது

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ பொருத்திய கார் திடீரென்று மேடு ஏறத் திணறினாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் கரும்புகை கிளம்பினாலோ, டர்போ போய்விட்டது என்ற அச்சம்தான் முதலில் வரும். என் டீசல் காருக்கும் அப்படித்தான் ஆயிற்று. காரைப் பார்த்த பணிமனை ஒன்றில் டர்போவையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, டார்ச் விளக்கும் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியுமாகத் தேடியபோது, காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் தெரிந்தது. ஏர் ஹோஸ் என்றும் டர்போ ஹோஸ் என்றும் மெக்கானிக்குகள் சொல்லும் இந்தக் குழாய்களை மாற்றுவது கடினமான வேலை அன்று. ஆனால் எளிய வேலைதானே என்று அவசரப்பட்டு, திறந்து கிடக்கும் டர்போவின் வாய்க்குள் ஒரு சிறு திருகாணியைத் தவறவிட்டால், அதன் பிறகு உண்மையாகவே டர்போவை மாற்ற வேண்டி வரும்.

எந்தக் குழாயை மாற்றப் போகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வெளிக்காற்று ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக டர்போவுக்குள் உறிஞ்சப்படுகிறது. டர்போ அதை அழுத்தி, வேறொரு குழாய் வழியாக இன்டர்கூலருக்கு அனுப்புகிறது. அங்கே சூடு தணிந்த காற்று மூன்றாவது குழாய் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. டர்போவுக்கு முன்னால் இருப்பதை உறிஞ்சு குழாய் என்றும், பின்னால் இருப்பவற்றை அழுத்தக் குழாய்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை படும் பாடு வேறு. உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால், அதில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும். அழுத்தக் குழாய்களில், எஞ்சின் முழு வலுவோடு இழுக்கும்போது, வெளிக்காற்றைவிட ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தம் கூடியிருக்கும் என்பதால் காற்று வெளியே பீறிடும்.

இரண்டில் அதிகக் கெடுதல் செய்வது, அதிகம் சத்தம் போடாத உறிஞ்சு குழாய்தான் என்பது என் கருத்து. அதில் விழும் விரிசல் வழியாக ஃபில்டரைத் தொடாத தூசி நேராக டர்போவின் சக்கரத்தில் மோதி இறக்கைகளின் ஓரங்களை அரித்துவிட்டு, சிலிண்டருக்குள்ளும் போய்ச் சேர்கிறது. ஓட்டுநருக்கு மாதக்கணக்கில் எதுவும் தெரியாமலே இருக்கலாம். காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சார் பெரும்பாலான கார்களில் ஃபில்டர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் இதனால் நின்ற இடத்தில் ஓடும்போது நடுக்கம் வரும். எஞ்சின் விளக்கு எரிந்து, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை என்பதற்கான பி0171 என்ற குறியீடு பதிவாகலாம். அழுத்தக் குழாயின் ஓட்டை இப்படி ஒளிந்திருக்காது. கார் நின்றிருக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். சுமையோடு இழுக்கும்போது மட்டும் 'உஸ்' என்ற சத்தம் வரும், வலு குறையும், டீசல் காரில் கரும்புகை கிளம்பும். அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே கசிந்துவிட, அதற்கென்று கணக்கிட்ட டீசல் மட்டும் சிலிண்டருக்குள் போய் முழுதும் எரியாமல் புகையாகிறது. டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கான பி0299 குறியீடு பதிவாகி, கார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிம்ப் மோடுக்குப் போய்விடுவதும் உண்டு.

சோதனைக்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். குழாயின் ஒவ்வொரு மடிப்பையும் கையால் விரித்துப் பாருங்கள், ஏனெனில் விரிசல்கள் மடிப்பின் பள்ளத்திலும் கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கத்திலும்தான் விழும். அழுத்தக் குழாயின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் திட்டாகத் தெரிந்தால், காற்று அங்கேதான் கசிகிறது. அப்படியும் பிடிபடவில்லை என்றால், ஃபில்டர் பக்கத்து முனையை வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, சுமார் 0.3 பார் அளவுக்கு மட்டும் மெதுவாகக் காற்றேற்றி, சோப்பு நீரைத் தெளித்து எங்கே நுரை எழுகிறது என்று பார்க்கலாம். அதற்கு முன் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்துவிட வேண்டும். சக்கரத்துக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரை நேராக மாட்டி அழுத்தம் ஏற்றினால், எஞ்சினின் ஆயில் சீல்களைத்தான் பதம் பார்க்க நேரிடும். கார்புரேட்டர் கிளீனரை ஓடும் எஞ்சின் மேல் பீய்ச்சிக் கசிவைக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கத்தை டர்போ காரில் கைவிட்டுவிடுங்கள். டர்போவில் எஞ்சின் புகை பாயும் பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதில் பட்டால் தீப்பிடிக்கும்.

குழாய் வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஃபியட் உருவாக்கிய 1248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்ட்டோவிலும் இருந்தது. எஞ்சின் ஒன்றுதான் என்றாலும், அதைச் சுற்றியுள்ள இடமும் ஃபில்டர் பெட்டியும் வேறு வேறு என்பதால் ஒன்றின் குழாய் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்கக் கூடாது. ஒரே காரிலும் ஆண்டுக்கு ஆண்டு வடிவம் மாறியிருக்கலாம். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண்ணைக் கடையில் கொடுத்து, அதற்குரிய பாக எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் வழி. முடிந்தால் பழைய குழாயைக் கையில் எடுத்துப்போய் வளைவு, இரு முனைகளின் உள்விட்டம், பக்கத்தில் கிளை பிரியும் சிறு குழாய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரேடியேட்டர் ஹோஸை அளவாக வெட்டி மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தண்ணீருக்காகச் செய்த அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பஞ்சுபோல் ஆகிவிடும். டர்போ குழாய்க்குள்ளோ எஞ்சினிலிருந்து வரும் ஆவியோடு கொஞ்சம் ஆயில் எப்போதும் படிந்திருக்கும். நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் விற்கும் சிலிக்கான் குழாய்கள் சூட்டை நன்றாகவே தாங்கும். ஆனால் உட்புறத்தில் ஃபுளோரோசிலிக்கான் பூச்சு இல்லாதவற்றின் சுவர் வழியே ஆயில் மெல்லக் கசியும். குழாயின் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களையும் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. பட்டையில் துளையிட்ட மலிவான திருகு கிளாம்ப்கள் ரப்பரை வெட்டும் என்பதால், உட்புறம் வழவழப்பாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

வேலைக்கு ஒரு சாக்கெட் செட், நீண்ட திருப்புளி, பிளையர், வெள்ளை மார்க்கர் பேனா, நூல் பிரியாத சுத்தமான பருத்தித் துணிகள் ஆகியவை போதும். காரை ஓட்டி வந்திருந்தால் இரண்டு மணி நேரமாவது ஆற விடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதற்காகவே இது. அடியிலிருந்து எட்ட வேண்டிய குழாயாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாமல் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் கைபேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துவிட்டு, எஞ்சினின் மேல் உறையையும் வழியை மறைக்கும் மற்றவற்றையும் அகற்றுங்கள். குழாயை ஒட்டி சென்சார் இருந்தால் அதன் மின் இணைப்பைப் பூட்டை அமுக்கிக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. எஞ்சின் ஆவியைக் கொண்டுவரும் சிறு குழாயையும் பிரித்துவிட்டு, பழைய குழாய் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அதை ஏற்கும் உலோக வாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருகு கிளாம்பாக இருந்தால் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளலாம். ஸ்பிரிங் கிளாம்பாக இருந்தால் காதுகள் இரண்டையும் பிளையரால் சேர்த்துப் பிடித்து நகர்த்தலாம். நெருக்கி மூடிய ஒற்றைக் காது கிளாம்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும், திரும்பப் பயன்படாது. அழுத்தக் குழாய்கள் சிலவற்றில் கிளாம்புக்குப் பதில் கம்பிக் கிளிப்பும் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் இருக்கும். கிளிப்பைத் திருப்புளியால் நெம்பி உயர்த்தினால் குழாய் விடுபடும்.

ஒட்டிக்கொண்ட குழாயை முன்பின்னாக இழுப்பதைவிட, பிடித்துத் திருகுவதே பலன் தரும். அப்படியும் வரவில்லை என்றால், எறியப்போகும் குழாய்தானே என்று முனையை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிடலாம். கத்தி உலோக வாய்வரை இறங்கிக் கோடு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புதுக் குழாய் அந்தக் கோட்டின் வழியே கசியும்.

குழாய் கையோடு வந்த நொடியில் டர்போவின் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். பெரிய துணியாக, பாதி வெளியே தொங்கும்படி இருக்கட்டும். டிஷ்யூ பேப்பர் கிழிந்து துண்டு உள்ளே தங்கிவிடும். உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக் கூடியது என்பதால், சின்ன வாஷர் ஒன்று போதும், இறக்கைகளைச் சிதைத்துவிடும். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணி வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால், அது கிடைக்கும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது.

உறிஞ்சு குழாயைக் கழற்றியிருந்தால், மூடுவதற்கு முன் டர்போவையும் ஒருமுறை பார்த்துவிடலாம். சக்கரத்தின் நடு முனையை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் சிறு ஆட்டம் இருக்கும். தண்டு ஆயில் படலத்தில் மிதப்பதால் அது இயல்பானதுதான். முன்னும் பின்னுமாக ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகள் சுற்றியுள்ள உலோகத்தில் உரசிய தடம் இருந்தாலோ, குழாயோடு வேலை முடியாது. உள்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் அழுத்தக் குழாயிலோ இன்டர்கூலரிலோ ஆயில் தேங்கி நின்றால் அதை வடித்துத் துடைக்காமல் எஞ்சினை இயக்கக் கூடாது. டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சி, கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும் அபாயம் உண்டு.

குழாய் ஏன் கிழிந்தது என்பதற்கும் விடை தேடுங்கள். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எஞ்சின் ஆடி, குழாயை இழுத்துக் கிழிக்கும். ஃபில்டர் அடைத்திருந்தால் உறிஞ்சலில் குழாய் உட்பக்கமாகச் சப்பிப்போகும். பக்கத்துப் பட்டையில் உரசித் தேய்ந்திருக்கலாம். தெருவில் நிறுத்தும் காரென்றால் எலியின் பல்தடமாகவும் இருக்கலாம். காரணத்தை விட்டுவைத்தால் புதுக் குழாயும் அதே இடத்தில் போகும்.

பொருத்தும்போது இரு பக்க உலோக வாய்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள். வழுக்கி ஏறட்டும் என்று ஆயிலோ கிரீஸோ தடவுவது பலர் செய்யும் தவறு. வழுக்கி ஏறியது அழுத்தம் கூடும்போது வழுக்கிக் கழன்றும் விடும். கிளாம்ப்களை முதலிலேயே குழாயில் கோத்துக்கொண்டு, துணியை எடுத்துவிட்டு, குறித்த கோட்டுக்கு நேராகக் குழாயை அதன் எல்லைவரை தள்ளுங்கள். உலோக வாயின் விளிம்பில் சற்றே உயர்ந்த வரம்பு ஒன்று இருக்கும். கிளாம்ப் அந்த வரம்பைத் தாண்டி உட்பக்கம் அமர வேண்டும். வரம்பின் மேலேயே உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. திருகு கிளாம்புக்குப் பொதுவாக 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரப்பர் கிளாம்பின் ஓரங்களில் பிதுங்கத் தொடங்கினால் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். கம்பிக் கிளிப் உள்ள வகையில் ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றி, 'கிளிக்' என்று கேட்கும்வரை தள்ளிவிட்டு, பிறகு இழுத்தும் பாருங்கள். குழாய் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல், சூடான பாகங்களைத் தொடாமல் ஓட வேண்டும். ஆவிக் குழாயும் சென்சார் இணைப்பும்தான் கடைசியில் மறந்துபோகும் இரண்டு. முதலில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பேட்டரியை இணைத்து எஞ்சினை இயக்கி, சில நிமிடங்கள் நின்ற இடத்திலேயே ஓட விட்டுக் காது கொடுங்கள். சில கார்களில் மியூசிக் சிஸ்டம் குறியீட்டு எண் கேட்கும், ஜன்னல் கண்ணாடிகள் தானாக ஏறும் வசதியை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். பதிவான பிழைக் குறியீட்டை காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி கருவியால் அழித்துவிட்டு, காரைச் சூடேறும்வரை மெதுவாக ஓட்டிய பின், போக்குவரத்து இல்லாத ஒரு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக இழுத்துப் பாருங்கள். அழுத்தக் குழாய் சரியாக அமரவில்லை என்றால் அங்கேதான் கழலும். திரும்பி வந்து எஞ்சின் ஆறிய பிறகு கிளாம்ப்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் சூடேறி ஆறும்போது சற்று அமுங்கும் என்பதால் 200 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். கால் சுற்று இறுக்கம் தேவைப்படுவது வழக்கம்தான்.