நனையத் தொடங்கிய பழைய ஜாக்கெட்டை மீட்ட என் அனுபவம்

மலையேற்றத்திற்கு நான் பல ஆண்டுகளாக அணிந்துவரும் பருத்தி-நைலான் ஜாக்கெட், சிறு தூறலுக்கே தோள்பட்டையில் ஈரத்தை உள்ளே விடத் தொடங்கியது. 1968-இல் அமெரிக்காவின் சியரா டிசைன்ஸ் நிறுவனத்தின் மவுண்டன் பார்க்கா என்ற தொப்பி வைத்த ஜாக்கெட் புகழ்பெறச் செய்த 60/40 வகைத் துணி, அதாவது ஏறத்தாழ 60% பருத்தியும் 40% நைலானும் கலந்த துணி, அது. பருத்தி நூல் நனைந்ததும் உப்பி நெசவின் இடைவெளிகளை அடைக்க, நைலான் நூல் துணிக்கு உறுதியைத் தருகிறது. இருப்பினும் நீரை விலக்கும் மேற்பூச்சு போய்விட்டால் இந்த அமைப்பு மட்டும் போதாது.

தோளில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன். அது முத்தாக நிற்காமல், கருந்திட்டாகப் பரவியது. குற்றவாளி நான்தான்: வழக்கமான சலவைத்தூளோடு, துணியை மென்மையாக்கும் திரவத்தையும் சேர்த்துத் துவைத்துவந்திருக்கிறேன். அவற்றின் எச்சம் நூலிலேயே தங்கி நீரை ஈர்த்திருக்கிறது.

வெதுவெதுப்பான நீரில் சாதாரண சோப்பால் துவைத்து, நுரை அறவே நீங்கும்வரை அலசினேன். பிறகு, ஈரம் காயும் முன்பே, பருத்திக் கலப்புத் துணிகளுக்கான நீர்விலக்குத் தெளிப்பானைத் தையல்களில் சற்றுக் கூடுதலாகவே அடித்து, நிழலில் உலர்த்தினேன். பூச்சு நன்றாகப் பதிய இஸ்திரியும் போட்டேன்; நைலான் உருகிவிடும் என்பதால் இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி விரித்தே வைத்தேன்.

இப்போது தூறல் உருண்டோடுகிறது. அடைமழையில், முதுகுப்பையின் பட்டை உரசும் இடத்தில் இன்னும் கசிகிறது. மழைக்கோட்டின் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனாலும் அடிக்கு அடி சரசரக்கும் புதிய ஜாக்கெட்டுகளைவிட, தேயத்தேய மென்மையாகும் இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.