குப்பை ட்ரக்டர் வருவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை: வன்னி வீடுகளுக்கு ஒரு செய்முறை

எங்கள் ஒழுங்கைக்குப் பிரதேச சபையின் குப்பை ட்ரக்டர் வரத் தொடங்கிய கிழமை, நான் ஓர் உரப்பைக்குள் எல்லாவற்றையும் அடைத்துப் படலையடியில் வைத்தேன். ரின்மீன் தகரம், மீன் செதில், பால்மா பைக்கற், பிள்ளையின் பம்பர்ஸ், முற்றம் கூட்டிய சருகு, எல்லாம் ஒன்றாக. ட்ரக்டரில் இருந்து இறங்கிய தம்பி பையின் வாயை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் கலந்து கிடக்கு, ஏத்தேலாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னேரத்துக்குள் ஒரு மாடு வந்து பையைக் கிழித்து, கறி ஊறிய சொப்பிங் பை ஒன்றை மென்றுகொண்டு நின்றது. நான் ஓடிப்போய் இழுப்பதற்குள் பாதி தொண்டைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் பழகினேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, விசாரிப்பது. கரைச்சிச் சபையில் உள்ள நடைமுறை புதுக்குடியிருப்புச் சபையிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ஒரே சபைக்குள்ளேயே ஒழுங்கைக்கு ஒழுங்கை நாள் மாறும். சபையின் உப அலுவலகத்துக்குப் போய், எங்கள் பக்கம் எந்த நாள் வருவீர்கள், எதை ஏற்றுவீர்கள், கண்ணாடியை எங்கே கொடுப்பது, கட்டணம் உண்டா என்று கேளுங்கள். தயங்க ஒன்றும் இல்லை, வீட்டுக் குப்பையை அகற்றுவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபையின் கடமை. பிரித்துக் கொடுப்பது எங்கள் பங்கு.

இரண்டாவது, பிரிப்பது. இதைக் குசினியிலேயே, பொருள் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். கலந்த பிறகு கிளறிப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. மூடி போட்ட வாளி ஒன்று உக்கும் குப்பைக்கு. பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் உரப்பை ஒன்று பிளாஸ்டிக், பொலித்தீனுக்கு. கடதாசிக்கு ஒரு காட்போட் பெட்டி, அவ்வளவு போதும். பால்மா பைக்கற்றையும் தயிர்க் கோப்பையையும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஒருதரம் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டுப் பைக்குள் போடுங்கள். காய்ந்தது நாறாது, நாறாவிட்டால் நாயும் மாடும் தேடி வராது. பொது இடங்களில் நிறத் தொட்டிகளைக் கண்டால், பச்சை உக்குவதற்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு.

மூன்றாவது, உக்கும் குப்பை. வன்னியில் அநேகமான வீடுகளுக்கு நல்ல வளவு இருக்கிறது, ஆகவே மரக்கறித் தோலையும் முட்டைக் கோதையும் ட்ரக்டருக்குக் கொடுப்பது எனக்குப் பெரிய வீணாகவே படுகிறது. அதைக் கூட்டெருவாக்குங்கள். கோடையில் கிடங்கு நல்லது, ஈரம் நிற்கும். மாரியில் கிடங்குக்குள் தண்ணீர் தேங்கி அழுகிவிடும், அதனால் மேட்டில் குவியலாகவோ, அடியில் துளையிட்ட பரலிலோ போடுங்கள். ஒரு பங்கு குசினிக் குப்பைக்கு இரண்டு மூன்று பங்கு சருகு, இடையிடையே கொஞ்சம் மாட்டெரு. ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள், கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. நாறினால் சருகு போதாது, காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதாது. கிழமைக்கு ஒருதரம் கிளறிவிட்டால் மூன்று மாதமளவில் கறுத்து, மண் வாசம் வரும். மீன் கழிவை மட்டும் ஓர் அடிக்குக் கீழே தாட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரவிலேயே நாய் கிண்டிவிடும்.

பனங்கொட்டையைக் குப்பை என்று யாரும் எறிய மாட்டீர்கள், பாத்தி போட்டால் கிழங்கு. சிரட்டையை அடுப்பில் எரிக்கலாம், ஆனால் வளவில் மல்லாந்து கிடக்க விடாதீர்கள். மாரி தொடங்கினால் டெங்கு நுளம்பு அதற்குள்தான் முட்டையிடும், 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் வரும்.

கிடங்கு வெட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். மீளக் குடியேறிய காணிகளில் இன்னும் வெடிபொருள் கிடக்கிறது. மண்வெட்டி இரும்பில் பட்டு, அது என்னவென்று தெரியாவிட்டால், தோண்டிப் பார்க்காதீர்கள், தூக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வைத்து, தூரத்தில் ஓர் அடையாளத்தை நட்டுவிட்டு, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ உடனே சொல்லுங்கள். குப்பை கொளுத்தியபோது மண்ணுக்குள் கிடந்தது வெடித்துக் காயப்பட்டவர்கள் வடக்கில் இருக்கிறார்கள்.

கொளுத்தவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் இருந்து தடை, லஞ்சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் அதே தடைக்குள்தான் வந்தன. சட்டத்தை விடுங்கள், அந்தக் கறுத்த புகை அடுத்த வளவில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் போகிறது. 2025 நவம்பரில் இருந்து கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு எடுக்கிறார்கள், ஆகவே துணிப்பை ஒன்றைச் சைக்கிள் கூடைக்குள்ளேயே வைத்திருங்கள்.

விற்கக்கூடியதைச் சபைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய இரும்பு, போத்தல் வாங்குகிற லொறி வரும்வரை தகரம், பித்தளை, போத்தல், பேப்பர் எல்லாவற்றையும் மழை படாத இடத்தில் சேர்த்து வைக்கலாம். உள்ளே வெள்ளி நிறமாக இருக்கும் பிஸ்கற் பைக்கற்றைப் பொதுவாக வாங்க மாட்டார்கள், அது ட்ரக்டருக்கு. பம்பர்ஸைச் சுருட்டித் தனியாகக் கட்டிக் கொடுங்கள். தீர்ந்த பற்றரிகளை ஒரு பழைய போத்தலிலும் சுருள் பல்ப்புகளை ஒரு பெட்டியிலும் போட்டு வையுங்கள், அந்தப் பல்ப்புக்குள் பாதரசம் இருக்கிறது, உடைத்துப் புதைக்க வேண்டாம்.

வயல் செய்கிறவர்களுக்கு: மருந்துப் போத்தலை வாய்க்கால் கரையில் எறிவதை நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரில்தான் கீழே யாரோ குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது. முடிந்தவுடன் மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை விசிறும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். பிறகு அடியில் ஓட்டை போடுங்கள், யாரும் மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப் போகாமல் இருக்கும்.

கடைசியாக, உடைந்த கண்ணாடி. ட்ரக்டரில் வருகிறவர்கள் பலர் கையுறை இல்லாமல் பையைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒருநாள் எங்கள் படலையில் தண்ணீர் கேட்ட அண்ணாவின் உள்ளங்கையில் புதுவெட்டு ஒன்று இருந்தது, யாரோ வீட்டுப் பையில் இருந்த கிளாஸ் துண்டு. நான்கு மடிப்புப் பேப்பரில் சுற்றி, பால்மாத் தகரத்துக்குள் போட்டு, மேலே தடித்த எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்.