அரண்மனைக் கேடயங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் வாசலுக்கு மேலே, கணப்புக்கு மேலே, கூரை விளிம்பில் என்று கண் போகும் இடமெல்லாம் ஒரு குடும்பத்தையோ அரசரையோ குறிக்கும் கேடயச் சின்னம் இருக்கும். அதைக் கல்வெட்டு போலப் படிக்கலாம். ஆனால் பலர் முதல் அடியிலேயே சறுக்குவது இட வலத்தில்தான்.

கேடயத்தின் வலப்பக்கம் என்பது அதை ஏந்தி நிற்பவனின் வலப்பக்கம். எதிரே நிற்கும் நமக்கு அது இடம். ஒரே கேடயத்தை நெட்டாக இரண்டாகப் பிரித்திருந்தால், நம் இடப்பக்கப் பாதி கணவனுடையது, மற்றது மனைவியின் பிறந்த வீட்டுடையது. மாற்றிப் படித்தால் மருமகன் கட்டிய வீட்டை மாமனார் பெயரில் எழுதிவிடுவோம். ஆயர்களின் மாளிகையில் இந்தக் கணக்கும் செல்லாது. அங்கே நம் இடப்பக்கம் மறைமாவட்டத்தின் சின்னம், வலப்பக்கம் ஆயரின் சொந்தச் சின்னம். மனைவியைத் தேட வேண்டாம்.

அடுத்தது லில்லி மலர். அதைக் கண்டதும் பிரெஞ்சுக் கட்டடம் என்றோ பிரெஞ்சு இளவரசி வந்த வீடு என்றோ முடிவு கட்டுகிறார்கள். 1340இல் மூன்றாம் எட்வர்டு பிரான்ஸ் அரியணைக்கு உரிமை கோரி அந்த மலர்களைத் தன் கேடயத்தில் சேர்த்தார்; 1801இல்தான் அவை நீங்கின. கேடயத்தை நான்காகப் பிரித்த கட்டங்களில், முதலில் மலர்கள் கட்டம் முழுக்க இறைந்து கிடக்கும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மூன்றே மலர்கள்.

இப்படிக் கட்டங்களைக் கொண்டே காலத்தைக் குறுக்கலாம். ஸ்காட்லாந்தின் நிமிர்ந்த சிங்கமும் அயர்லாந்தின் யாழும் இருந்தால் 1603க்குப் பிந்தையது. ஒற்றைக்கொம்புக் குதிரை கேடயத்தைத் தாங்க வந்ததும் அப்போதுதான். எட்டாம் ஹென்றியின் கேடயத்துக்குச் சிங்கத்தோடு நிற்பது டிராகன். நடுவில் ஒரு குட்டிக் கேடயம் இருந்தால் நின்று பாருங்கள், அவசரப்படுபவர்கள் தவறுவது இங்கேதான். அதில் ஒரே ஒரு நிமிர்ந்த சிங்கம் என்றால் மூன்றாம் வில்லியம், 1689 முதல் 1702 வரை. குட்டிக் கேடயத்தின் மேல் தொப்பி இருந்தால், அது பிரிட்டிஷ் அரசர்களே ஆண்ட ஜெர்மானிய நாடான ஹானோவரின் சின்னம், 1801 முதல் 1816 வரை. தொப்பிக்குப் பதில் கிரீடம் என்றால் 1816 முதல் 1837 வரை. விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் அது மறைந்துவிட்டது.

ஆனால் கேடயம் சொல்வது கேடயத்தின் வயதை. சுவரின் வயதை அல்ல. இதற்குச் சிறந்த சாட்சி இலங்கையில் காலிக் கோட்டையின் பழைய வாசல்: வெளிப்புறம் பிரிட்டிஷ் அரச சின்னம், உட்புறம் 1669 என்ற ஆண்டோடு டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் சின்னம். வெளியே மட்டும் பார்த்துத் திரும்பியவர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிசகுவார். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட்டில் அகழிப் பாலத்தின் மேல் கேடயம் ஏந்தி வரிசையாக நிற்கும் கல் விலங்குகளும் 20ஆம் நூற்றாண்டில் வைத்தவை. மாறாக, அதே அரண்மனையின் பெரிய மண்டபத்தில் எட்டாம் ஹென்றி, அவருடைய இரண்டாம் மனைவி ஆன் பொலின் இருவரின் முதலெழுத்துகளும் பின்னிய சின்னம் அசல். 1536இல் அவள் தலை போன பிறகு அவளுடைய அடையாளங்களை அகற்றியவர்கள் கண்ணில் படாமல் தப்பியது.

அரச சின்னம் இருந்தால் அரசர் வீடு என்பதும் தவறு. டார்பிஷயரின் ஹார்ட்விக் ஹால் 1590களில் எழுந்தது. மேல்மாடிப் பெருங்கூடத்தில் கணப்புக்கு மேலே முதலாம் எலிசபெத்தின் சின்னம் பெரிதாக இருக்கிறது. அவர் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. அது விசுவாசத்தைக் காட்டும் அலங்காரம். கோபுரங்களின் உச்சியில் உள்ள 'இ', 'எஸ்' எழுத்துகளும் ராணியைக் குறிப்பவை அல்ல. வீட்டைக் கட்டிய எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி, தன் பெயரையே வானத்தில் எழுதிக்கொண்டார்.

நினைவுப்பொருள் கடையில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உரிமை வராது.

வெள்ளிப் பாத்திரத்திலும் அச்சுப்படத்திலும் காணும் கோடுகளை நிழல் என்று தள்ளாதீர்கள், அவை நிறங்கள். நெட்டுக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி.

புகைப்படத்தை வைத்துப் படிப்பவர்கள் முதலில் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1603க்குப் பிந்தைய அரச சின்னத்தில் சிங்கம் நம் இடப்பக்கம் நிற்கும். அந்த இடத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரை நின்றால் படம் இடவலம் புரண்டிருக்கலாம். எழுத்தும் நேராக இருந்தால், அது ஸ்காட்லாந்துச் சின்னம். முதல் கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் ஸ்காட்லாந்தின் சிங்கமே இருக்கும்.