போடி ஏலக்காய்க் கடைக்கு இரண்டு டிஸ்க்: கீழே ஒன்று, மேலே ஒன்று

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்வோர் பலருக்குக் கடை கீழே, தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் மேலே இடுக்கி மலையில் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. கணினியில் உள்ள கடைக் கணக்கின் நகலைப் பாதுகாக்க இதைவிடத் தோதான ஏற்பாடு அமையாது. ஆகவே, கணினிக்கு வெளியே செருகும் பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக அளவான டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை ஸ்டோரிலும் வைத்து, வாரம் ஒருமுறை ஜீப் மலையேறும்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் பரிந்துரை.

கொள்ளளவில் பேராசை தேவையில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்கேடுகளைப் பேணச் சொல்கிறது. அத்தனை ஆண்டு டேலி (கணக்கு மென்பொருள்) பதிவுகளும், சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லும் ஸ்கேன் செய்த பட்டியல்களும் சேர்ந்தாலும், சிறு கடைக்கு 1 டி.பி. (டெராபைட்) தாராளம். அதை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டுவதைக் கண்டு விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்கிலும் விண்டோஸ் 1024இன் அடுக்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். பயணத்துக்கு ஏற்றது, யூ.எஸ்.பி. கம்பியிலேயே மின்சாரம் பெறும் 2.5 அங்குல டிஸ்க்தான். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லியாம்பியர் மட்டுமே தரக் கடமைப்பட்டது என்பதால், டிஸ்க் 'டிக், டிக்' என்று திணறினால் பழுதென்று முடிவு கட்டுமுன், 900 மில்லியாம்பியர் தரும் 3.0 துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நீல நிறத்தில் இருக்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை வாரந்தோறும் கடக்கப் போவதால், கையில் பணம் இருந்தால் சுழலும் பாகமே இல்லாத 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யை நான் தேர்ந்தெடுப்பேன்.

பணம் முடையாக இருந்தால், பழைய மடிக்கணினியின் டிஸ்க்கை ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5 ஆகிய வரிகளின் மூல மதிப்பு (Raw Values) பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் அந்த டிஸ்க்கைக் கணக்குக்கு நம்ப வேண்டாம். ஆயிரம் இரண்டாயிரத்துக்கு 16 டி.பி. என்று இணையத்தில் விற்பவை போலி. புதிதாக வாங்கியதையும், எதையும் பதிவதற்கு முன் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதிப்பது நல்லது.

டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; ஃபாட்32இல் 4 ஜி.பி.யை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 பெட்டியைக் கடைக்காரர் காட்டக்கூடும். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட அது உதவும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்போ, கணினியில் நுழைந்து கோப்புகளைப் பூட்டும் வைரஸோ, இரண்டு டிஸ்க்கையும் ஒரே நொடியில் தாக்கும். ஆகவே அது நகல் ஆகாது.

நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். நான் என் முதல் டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி விட்டிருந்தேன்; ஐப்பசி இடிமழையில் ஒரு மாலை இரண்டும் சேர்ந்தே போயின.

மலையில் தென்மேற்குப் பருவ ஈரம் சுவரிலேயே கசியும் என்பதால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டிஸ்க்கை வைக்கவும். குளிரிலிருந்து கீழே இறக்கியதும் ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காமல் விட்டால் உள்ளே நீர் பனிக்காது. வழியில் தொலைந்தாலும் பிறர் படிக்காதிருக்க, விண்டோஸ் ப்ரோவில் உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வைக்கவும். டப்பாவுக்குள் வைத்தால் பூட்டியும் பயனில்லை. மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் டேலி நகலை மீட்டெடுத்து, கடைசியாகப் போட்ட பில் எண் வருகிறதா என்று பார்த்து, அந்தத் தேதியை டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டில் குறித்துவிடவும்.