வரலாற்றுப் பலகை முன் வண்டியை நிறுத்தியபின் செய்யக்கூடாதவை: மிசிசிப்பியின் டல்லஹாச்சி கவுண்டி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டெல்டாவில் பருத்தியும் சோயாவும் கண்ணுக்கெட்டியவரை விளைந்து கிடக்கும் சாலைகளில், திடீரென்று ஒரு பச்சைப் பலகை எதிர்ப்படும். உச்சியில் மக்னோலியா பூ இருந்தால் அது மாநில அரசு நிறுத்திய வரலாற்றுப் பலகை. வார்ப்பு உலோகத்தில் ஏழெட்டு வரி, அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் அதைப் படித்து, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, நடந்தது இதுதான், நடந்த இடமும் இதுதான் என்ற முடிவோடு கிளம்பிவிடுகிறார்கள். டல்லஹாச்சி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பிரிவு) இந்த இரண்டு முடிவுகளுமே காலை வாரிவிடும்.

பலகை நிற்கும் இடமே சம்பவ இடம் என்று நினைப்பது

சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொல்லப்பட்டான். அந்தக் கொலையின் தடயம் ஒரே கவுண்டியில் இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணிடம் தகாதபடி நடந்துகொண்டான் என்ற பேச்சு கிளம்பிய பிரயண்ட் மளிகைக் கடை லஃப்லோர் கவுண்டியின் மனி என்ற சிற்றூரில் இருக்கிறது. அவனை அடித்து வதைத்த கொட்டகை சன்ஃப்ளவர் கவுண்டியில், ட்ரூ ஊருக்கு அருகில். ஆகஸ்ட் 31 அன்று உடல் கிடைத்தது டல்லஹாச்சி ஆற்றில். அதனால்தான் கொலை வழக்கு டல்லஹாச்சிக்கு வந்தது.

வழக்கு நடந்த சம்னர் ஊர் நீதிமன்றத்தின் முன் நிற்கும் பலகை வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறது: முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ராய் பிரயண்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் விடுதலை செய்தது, பிறகு இருவரும் ஒரு பத்திரிகையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் 1956 ஜனவரியில் 'லுக்' இதழில் வந்த அந்த ஒப்புதல் காசு கொடுத்து வாங்கியது. விடுதலையான இருவர்மீது அதே கொலைக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. உடன் இருந்த மற்றவர்கள்மீது போடலாம். ஆகவே அந்தக் கதையில் மற்றவர்களும் இல்லை, கொட்டகையும் இல்லை. நீதிமன்றத்தில் வில்லி ரீட் என்ற இளைஞர் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன சாட்சியம் கொட்டகையைத்தான் சுட்டியது. இருந்தும் பல பத்தாண்டுகள் இதழின் கதையே வரலாறாக ஓடியது. இப்படி ஏழெட்டு வரியில் அடங்கிய பலகையைப் படிக்கும்போது, இது யார் சொன்ன கதையிலிருந்து எடுத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உடல் கரையேற்றப்பட்ட இடம் என்று சொல்லப்படும் கிராபால் லேண்டிங்குக்கும் இது பொருந்தும். 2023 ஜூலை 25 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய நினைவிடத்தின் மூன்று இடங்களில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டு சம்னர் நீதிமன்றமும் சிகாகோவில் டில்லின் இறுதிச் சடங்கு நடந்த ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயமும். அப்படியிருந்தும் உடல் கிடைத்தது ஆற்றின் வேறொரு பகுதியில் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. உங்கள் குறிப்பில் 'இங்கேதான்' என்று எழுதாமல், 'இங்கே என்று கருதப்படுகிறது' என்று எழுதுங்கள்.

மனி ஊரில் கண்ணே ஏமாற்றும். பிரயண்ட் கடை கூரை சரிந்து, கொடி படர்ந்த சுவராக நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பெட்ரோல் நிலையம் பளபளவென்று இருக்கிறது. குடியுரிமைப் போராட்ட வரலாற்று இடங்களுக்கான மானியத்தில் 2 லட்சம் டாலருக்குமேல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். டில் கொலையோடு அதற்குள்ள தொடர்பு மிக மெல்லியது. புதுப்பித்த கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு இடிந்ததை விட்டுவிடாதீர்கள்.

ஊரைக் கேட்காமல் வரைபடத்தை நம்புவது

டல்லஹாச்சிக்குத் தலைநகர் இரண்டு: சார்ல்ஸ்டன், சம்னர். இரண்டு ஊரிலும் கவுண்டி நீதிமன்றம் உண்டு. கைபேசியில் 'டல்லஹாச்சி நீதிமன்றம்' என்று மட்டும் தட்டினால் சார்ல்ஸ்டனில் போய் நிற்க நேரும். சம்னர் என்று சேர்த்துத் தட்டுங்கள். ஆற்றங்கரைக்குப் போவது சரளைச் சாலை. டெல்டாக் களிமண் மழைக்குப் பிறகு டயரை விடாது. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்வதும், மழை பெய்த மறுநாள் போகாமல் இருப்பதும் நல்லது.

அடியில் இருக்கும் ஆண்டைப் பார்க்காமல் விடுவது

பலகையின் கடைசி வரியில் நிறுவியவர் பெயரும் ஆண்டும் சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படம்கூட எடுப்பதில்லை. ஆனால் முழுப் பலகையிலும் மிகுதியாகப் பேசுவது அந்த வரிதான். சம்னர் நீதிமன்ற வளாகத்தில் உள்நாட்டுப் போரின் தென்தரப்பு வீரர்களுக்கான சிலை 1913-இல் நிறுவப்பட்டது. போர் முடிந்தது 1865-இல். 1955 செப்டம்பரில் சாட்சி சொல்ல வந்த கறுப்பினத்தவர்கள் வந்துபோன வளாகத்தில் அந்தச் சிலை அப்போதே நின்றது. டில் வழக்கைச் சொல்லும் பலகை அதே வளாகத்துக்கு வந்தது 2007-இல். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்றுதான் கவுண்டியின் சார்பில் டில் குடும்பத்திடம் வருத்தம் தெரிவிக்கும் அறிக்கை படிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஊர் யாரை எப்போது நினைத்தது என்பது விளங்கும்.

சேதத்தையும் இதே கண்ணோடு பதிவு செய்ய வேண்டும். கிராபால் லேண்டிங்கில் 2008-இல் வைத்த முதல் பலகை திருடுபோனது. அடுத்தது தோட்டாத் துளைகளால் சல்லடையானது. 2018-இல் வைத்த மூன்றாவது பலகையின்மேல் 35 நாளில் குண்டு பாய்ந்தது. 2019 அக்டோபரில் நிறுத்திய நான்காவது, ஏஆர்500 ரக எஃகில் செய்த, 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள குண்டு துளைக்காத பலகை. துளைபட்ட பழைய பலகையைப் பின்னர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே காட்சிக்கு வைத்தது. எனவே 'எழுத்து தெளிவாக இல்லை' என்று சேதமான பக்கத்தைப் படம் எடுக்காமல் விடுவது தவறு. எடுத்த தேதியைக் குறிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. மனி ஊர்க் கடைமுன் இருக்கும் பலகையின் பின்பக்கப் படத்தாளை 2017-இல் உரித்தெறிந்தார்கள் என்பது தேதியிட்ட படங்களை ஒப்பிட்டால்தான் புரியும்.

கல்லில் இருப்பதால் நம்புவது

கல்மேல் எழுத்து அழியாதுதான். அதனால் அது சரி என்று ஆகிவிடாது. டல்லஹாச்சியின் டுட்விலர் ஊருக்கு வெளியே ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையில் பேர்பெற்ற ஹார்மோனிகாக் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனின் கல்லறை இருக்கிறது. கல்லில் பொறித்திருக்கும் இறந்த தேதி 1965 ஜூன் 23. அவர் இறந்ததோ மே மாதக் கடைசியில். பல ஆண்டுகள் கழித்து அன்போடு நிறுவிய கல் அது. தேதியை நினைவிலிருந்தும் செவிவழியாகவும் திரட்டினால் இப்படித்தான் ஆகும். பக்கத்து லஃப்லோர் கவுண்டியில் இன்னும் வேடிக்கை: 1938-இல் இறந்த ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனுக்கு மூன்று தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் மூன்று நினைவுக்கல். இறப்புச் சான்றிதழ், செய்தித்தாள், கல் ஆகிய மூன்றில் கல்லைக் கடைசியில் வையுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுப்பது

அதிக நாசம் நல்லெண்ணத்தால்தான் நடக்கிறது. தேய்ந்த எழுத்தைப் படிக்க ஷேவிங் கிரீம் பூசும் பழக்கம் ஒன்று உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலம் பளிங்கின் நுண்துளைகளில் தங்கிவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. மாவும் சாக்குக்கட்டியும் அப்படியே. ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி எழுத்தின்மேல் சாய்வாக விழச் செய்தால் போதும், நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். மேகமூட்டமான நாளில் பெரிய டார்ச் லைட்டைக் கல்லின் ஓரத்தில் பிடியுங்கள்.

பாசி படிந்த கல்லைத் தொடுவதற்குமுன் இடத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். கல் ஆடினாலோ, தட்டினால் பொள்ளென்று கேட்டாலோ, விரலில் சர்க்கரைபோல் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். உறுதியான கல்லானால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த கல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு டி-2 என்ற உயிரியல் துப்புரவுத் திரவத்தைத் தெளித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, உடனுக்குடன் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கோடு விழும். பிளீச்சிங் திரவம் கூடாது: வெளுப்பாகத் தெரியும், ஆனால் அது விட்டுப்போகும் உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைப் பிளக்கும். அழுத்த நீர்த் துப்பாக்கி, கம்பி பிரஷ் இரண்டும் எழுத்தையே அரித்துவிடும். இரவில் உறைபனி விழும் பருவத்தில் கல்லை ஈரமாக்கவே வேண்டாம்.

வார்ப்பு அலுமினியப் பலகைக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். பெயிண்ட் உரிந்திருந்தால் நீங்கள் பூசாதீர்கள், நிறுவிய அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

சன்னி பாய் கல்லறையில் ரசிகர்கள் ஹார்மோனிகாவை வைத்துவிட்டுப் போவது வழக்கம். அதிலுள்ள இரும்பும், கூடவே வைக்கும் செம்பு நாணயங்களும் மழையில் நனைந்து கல்லில் பழுப்பும் பச்சையுமாகக் கறை இறக்கும். வைத்தே தீரவேண்டுமென்றால் கல்லின் மேல் இல்லாமல் தரையில் வையுங்கள்.

இடத்தைப் பதிவு செய்யும்போது

காரில் உட்கார்ந்தபடி எடுத்த படத்தின் இருப்பிடம் சாலையின் எதிர்ப்பக்க வயலைக் காட்டும். பலகையின் அடியில் நின்று எடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமத்துக்குப்பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். நாலு இலக்கம் என்றால் 11 மீட்டர், அதற்குள் இரண்டு கல்லறை வரிசை அடங்கிவிடும். முன்பக்கம், பின்பக்கம், கடைசி வரி, பின்னணியோடு ஒரு தூரப் படம் என்று நாலு படம் வேண்டும். சாலை விரிவாக்கத்தில் பலகையை நகர்த்தினால், அது முன்பு எங்கே நின்றது என்பதைக் காட்டுவது அந்தத் தூரப் படம் ஒன்றுதான்.