கிரீன் ஸ்கிரீன் ஷாட் ஏன் ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது?

கிரீன் ஸ்கிரீன் முன்னால் நடிகரைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் உருவாக்கிய (சிஜி) இடத்துக்குள் நிறுத்துகிறோம். ஷாட் பொய்யாகத் தெரிந்தால் கை முதலில் போவது, பச்சையை நீக்கி ஆளைப் பிரித்தெடுக்கும் கருவியான கீயர் பக்கம்தான். முடியோரத்தில் பச்சை தெரிகிறதா, தோள் விளிம்பு மினுக்குகிறதா என்று நாள் முழுக்க நோண்டுவார்கள். விளிம்பு சுத்தமான பிறகும் ஷாட் ஒட்டாது. கோளாறு பெரும்பாலும் கேமராவிலோ வெளிச்சத்திலோ இருக்கும், அதைக் கீயரால் சரிசெய்ய முடியாது.

கேமராவிலிருந்தே தொடங்கலாம். சிஜி கேமராவை, அதாவது கம்ப்யூட்டர் காட்சியைப் பார்க்கும் கற்பனைக் கேமராவை, கண்மதிப்பில் வைப்பதுதான் முதல் தவறு. சமதரைக் காட்சிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தத் தரையில் நிற்கிறவர் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அடிவானக் கோடு அவரைக் கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். கேமரா தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்தால் கோடு இடுப்பருகே போக வேண்டும். பின்னணியில் அது முகத்தருகே போனால், ஆளைத் தாழ்வாகவும் தரையை உயரத்திலிருந்தும் பார்க்கிறோம் என்று அர்த்தம். பார்வையாளருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஒப்புக்கொள்ளாது.

லென்ஸ் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வருவதும் போதாது. 35 மி.மீ. லென்ஸ், 36 மி.மீ. அகல ஃபுல் ஃபிரேம் சென்சாரில் கிடைமட்டமாக ஏறத்தாழ 54 டிகிரி காட்டும். அதே லென்ஸ் சுமார் 25 மி.மீ. அகல சூப்பர் 35 சென்சாரில் 39 டிகிரிதான். சில கேமராக்கள் குறிப்பிட்ட பதிவு முறைகளில் சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தும், அப்போது இந்தக் கணக்கும் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸ், சென்சார் அகலம், பதிவு முறை, கேமரா உயரம், சாய்வு, நடிகருக்கு உள்ள தூரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒருவர் வேண்டும். படப்பிடிப்பில் யாருக்கும் பிடிக்காத வேலை இது. பின்னால் அதிகமாகத் தேடப்படுவதும் இந்தத் தாள்தான்.

நிஜ லென்ஸ் நேர்கோட்டைக் கொஞ்சம் வளைக்கும், சிஜி கேமரா வளைக்காது. எனவே அதே லென்ஸில் கட்டம் போட்ட அட்டையையும் படமெடுத்து, அந்த வளைவை அளந்து, பிளேட்டை (படமெடுத்த மூலக் காட்சியை) நேராக்கி ட்ராக் செய்வார்கள், அதாவது கேமராவின் அசைவைக் கணக்கிடுவார்கள். இங்கே பலர் செய்வது, நேராக்கிய பிளேட்டையே கடைசி வரை வைத்துக்கொள்வது. அதில் படத்தின் கூர்மை குறையும். மூல பிளேட்டை அப்படியே விட்டு, சிஜிக்கு அந்த வளைவைக் கொடுப்பதுதான் நல்லது. வளைக்கும்போது ஓரங்களில் இடம் காலியாகும் என்பதால் சிஜியைச் சற்றுப் பெரிதாக ரெண்டர் செய்ய (படமாக்க) வேண்டும். ட்ராக்கிங் குறிகளை எல்லாம் பின்சுவரிலேயே ஒட்டிவிடாதீர்கள். முன்னும் பின்னுமாகச் சில குறிகள் இருந்தால்தான் மென்பொருளுக்கு ஆழம் புரியும்.

அடுத்தது வெளிச்சம். எந்தப் பின்னணி வரும் என்று முடிவாகாமல், இரண்டு பக்கமும் மென்மையான விளக்கு வைத்து எடுத்துவிட்டு, 'போஸ்ட்டில் பார்த்துக்கலாம்' என்பார்கள். அந்த ஆளை உச்சி வெயிலில் நிறுத்தினால் எந்த கலர் கரெக்‌ஷனும் காப்பாற்றாது. நிறத்தை மாற்றலாம், மூக்கின் நிழல் விழும் திசையை மாற்ற முடியாது. சூரியன் எந்தப் பக்கம், நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா, தரையிலிருந்து என்ன நிறம் எதிரொளிக்கும் என்பதெல்லாம் விளக்கு வைக்கும் முன்பே தெரிய வேண்டும். நடிகர் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் பந்தையும் ஒரு பளபளப்பான உலோகப் பந்தையும் சில விநாடி படமெடுத்தால், சிஜி வெளிச்சத்தை ஒத்துப்பார்க்க ஆதாரம் கிடைக்கும். திரைக்குத் தனி விளக்கு, நடிகருக்குத் தனி விளக்கு. திரைக்கும் நடிகருக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டராவது விட்டால் பச்சை எதிரொளிப்பு வெகுவாகக் குறையும்.

சரி, இப்போது விளிம்புக்கு வரலாம். ஒரே கீயரில் முடி, தோள், கண்ணாடி எல்லாம் சரியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடலுக்கு இறுக்கமான மேட் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் கருப்பு வெள்ளைப் படம்), முடிக்கு மென்மையான மேட் என்று பிரித்துச் செய்வதுதான் வழக்கம். 4:2:0 முறையில் பதிவானால் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். விளிம்பு படிக்கட்டாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விநாடிக்கு 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது) என்றால் 1/48 விநாடி. கீயிங் எளிதாகட்டும் என்று ஷட்டரை ஏகத்துக்கு வேகமாக்கினால், அசைவு வெட்டி வெட்டி வரும். விளிம்பைச் சுற்றிக் கருப்புக் கோடு தெரிந்தால், ஆல்ஃபாவால் (எந்தப் பிக்சல் எவ்வளவு தெரியும் என்ற அளவால்) பெருக்கிய படத்தின் மீது நேரடியாக கலர் கரெக்‌ஷன் செய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெருக்கலை நீக்கி, திருத்தி, மறுபடி பெருக்க வேண்டும். லாக் முறையில் (வெளிச்ச அளவுகளைச் சுருக்கி) பதிவான பிளேட்டை, நிஜ வெளிச்சத்துக்கு நேர்விகிதமான லீனியருக்கு மாற்றாமல் கலந்தாலும் மங்கலான ஓரங்கள் தப்பாகத்தான் வரும். பின்னணி வெளிச்சத்தை ஆளின் ஓரத்தில் கசியவிடும் லைட் ராப்பை மட்டும் அளவோடு போடுங்கள், ஒட்டாத ஷாட்டை மறைக்கத்தான் அதை அதிகம் தடவுகிறார்கள்.

அப்புறம் கருப்பும் கிரெய்னும் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான இரைச்சல்). தூரத்து மலையின் கருப்பு, முன்னால் நிற்பவர் சட்டையின் கருப்பை விட அடர்த்தியாக இருக்கக் கூடாது, நடுவே காற்றும் தூசியும் இருக்கிறதே. வியூவரில் காமாவை (நடுத்தர வெளிச்சத்தை) ஏற்றியும் இறக்கியும் பார்த்தால் சாதாரணமாகக் கண்ணில் படாத வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிரெய்னைப் பொறுத்தவரை, ரெண்டர் துடைத்துவைத்தது மாதிரி இருக்கும், பிளேட் அப்படி இருக்காது. நீலச் சேனலில் இரைச்சல் பொதுவாக அதிகம் என்பதால், சேனல் சேனலாக ஒத்துப்பார்த்துச் சிஜி மீது போடுங்கள்.

முழு உருவ ஷாட் என்றால் பாதம்தான் கடைசித் தொல்லை. பாதத்துக்கு அடியில் தரையோடு ஒட்டிய சின்னக் கருநிழல் இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். நடிகர் நடக்கிற இடத்துக்கு மட்டுமாவது நிஜ மண்ணோ பலகையோ போட்டு எடுத்து, அதன் ஓரத்தில் சிஜி தரையைச் சேர்ப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் முழங்காலுக்கு மேல் ஃபிரேம் வையுங்கள்.